சத்தமில்லாமல் கடந்த மதகு

ஒரு சைலன்சரைத் தேர்ந்தெடுக்க நான் மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். பெண் பார்க்கப் போன காலத்தில்கூட அவ்வளவு யோசித்ததில்லை.

தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீடு நமுனுகுல பக்கம். என்னிடம் பின்னால் திறந்த தட்டுள்ள ஒரு பழைய டீசல் கெப் வண்டி இருக்கிறது. தினமும் காலை ஒன்பது மணிக்குப் பத்திரிகை வாங்கப் பசறைக்கு இறங்குவேன். வழியில் ஓர் ஓடை, அதைக் கடக்க ரோட்டில் ஒரு மதகு. அதற்கு மேலே செங்குத்தான படிகள், படிகளின் உச்சியில் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் ஒரு லயம். அந்தச் சரிவில் போனுக்கு சிக்னல் கிடைக்காது. ஆனால் என் கெப்பின் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்ததால், இரண்டு வளைவுக்கு அப்பால் வரும்போதே லயத்துக்குக் கேட்டுவிடும். "பெரிய சார் கெப் வருதுடி!" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். நான் அந்த இரண்டு வளைவையும் சுற்றி வருவதற்குள், பசறைக்குப் போக வேண்டியவர்கள் படியிறங்கி மதகடியில் நிற்பார்கள். மருந்தெடுக்கப் போகும் கிழவர், காய்ச்சல்காரப் பிள்ளை, கீரைக்கட்டு. யாரும் பேசி ஏற்பாடு செய்ததல்ல. வருடக்கணக்காக அப்படித்தான் நடந்தது.

எனக்கு அது சலித்துப்போயிற்று. இருக்கையில் பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். கதவில் வெற்றிலைக் கறை. ஏற்றமாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஊரில் எனக்கு நல்ல பெயர் இருந்தது, அதையும் விட மனமில்லை. அதனால் சைலன்சரை மாற்ற முடிவு செய்தேன். மனைவியிடம், சத்தத்தால் தலைவலி என்றேன்.

பதுளையில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் முதலாளி எனக்குப் பழக்கமானவர். இரண்டு நாள் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். மூன்றாம் நாளும் என்னைக் கண்டதும் சிரித்தார்.

"மாஸ்டர், இன்னைக்காவது எடுக்கிறீங்களா? இல்லாட்டி இந்தச் சைலன்சருக்கெல்லாம் பாடம் நடத்த வந்தீங்களா?"

"சத்தமே கேட்கக் கூடாது. ஏத்தத்தில் இழுவையும் குறையக் கூடாது."

"ரெண்டும் ஒண்ணா வேணுமெண்டா கஷ்டம். இதுக்குள்ள தடுப்புத் தகடு இருக்கு. சத்தம் அடங்கும், ஆனா புகை முட்டி நிண்டு எஞ்சின் திணறும். இது நேர்க்குழாய், உங்கட பழையத விட மோசமாக் கத்தும்." கடைசியாக உள்ளேயிருந்து நீளமான ஒன்றை எடுத்து வந்தார். "இத பாருங்க. உள்ளுக்குள்ள ஓட்டை போட்ட குழாய் நேராப் போகுது. சுத்திவர கண்ணாடிப் பஞ்சு. புகை தடையில்லாமப் போகும், சத்தத்தப் பஞ்சு குடிச்சிரும்."

நான் அதன் ஒரு முனையில் கண்ணை வைத்துப் பார்த்தேன். மறுமுனையில் கடைவீதி தெரிந்தது.

"இவ்வளவு சத்தமில்லாம எங்க போகப் போறீங்க மாஸ்டர்? இந்த வயசில ரெண்டாம் வீடா?"

கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் காலை மதகடியில் யாருமில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: நான் மெல்லிய குரலில் பாடிக்கொண்டு போனேன்.

அந்த வாரக் கடைசியில் ஒரு காலை நல்ல மழை. வழக்கம்போல மதகைக் கடந்தேன். பசறை ஆஸ்பத்திரி வாசலையும் கடந்தேன். பத்திரிகை வாங்கினேன், பிளேன்டீ குடித்தேன்.

மத்தியானம்தான் செய்தி தெரிந்தது. காலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களைக் குளவி கொட்டியிருக்கிறது. ஒருத்திக்கு மட்டும் முகமெல்லாம் வீங்கி மூச்சு இழுத்திருக்கிறது. கம்பளியில் வைத்து மதகுக்கு மேலேயுள்ள அந்த லயத்துக்குத் தூக்கி வந்தார்கள். என்னிடம் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள்.

தோட்டத்து லொறி வேறு மலையில் இருந்ததாம். "ரெண்டு மூணு நாளா பெரிய சாரைக் காணோம், இன்னைக்கு ஒன்பது மணிக்கு எப்படியும் வருவாரு, சத்தம் கேட்டதும் எறக்கிருவோம்" என்று, மழையில் நனையாமல் அவளை லயத்தின் முதல் காம்பரா அறையில் கிடத்திக் காத்திருந்தார்கள். தகரக் கூரையில் மழை. கீழே ரோட்டை மறைத்து மரங்கள். ஒன்பதரை வரை காத்திருந்துவிட்டு, ஒருவர் ஓடிப்போய் முச்சக்கர வண்டி பிடித்து வந்தார். பாதி வழியில் அவள் போய்விட்டாள்.

அன்று காலை கெப்பின் பின்தட்டு காலியாகத்தான் போனது. மழைநீர் மட்டும் தேங்கி நின்றது.

சாவு வீட்டில் அவள் புருஷன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்காவது வருவீங்கன்னு பார்த்தோம், நீங்க வரலயே சார். வந்திருந்தா எப்படியாச்சும் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பீங்க."

"பதுளைக்குப் போயிட்டேன்பா. அந்த வாரம் முழுக்க அங்கதான்" என்றேன்.

அந்தப் பொய் அவ்வளவு சுலபமாக வந்ததுதான் எனக்கு இன்னொரு அதிர்ச்சி. முப்பது வருடம் பிள்ளைகளைப் பொய்க்காக முட்டிபோட வைத்தவன் நான்.

கருமாதி முடிந்த மறுநாள் கெப்பை மதகடியில் நிறுத்திவிட்டுப் படியேறினேன். கதவைத் தட்டியதும் அவள் புருஷன் வெளியே வந்தார்.

"கெப்புலயா வந்தீங்க சார்? சத்தமே கேக்கல."

"அன்னைக்கும் வந்தேன்பா. ஒன்பது மணிக்கு இதே வழியாத்தான் போனேன். சைலன்சர் மாத்திட்டேன்."

அவர் படிகள் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "மழைன்னு பார்க்காம நாங்க ரோட்டுக்கே தூக்கிட்டு வந்திருக்கணும்" என்றார். பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார். அதோடு நான் திரும்பியிருக்கலாம்.

"எதுக்கு சார் மாத்துனீங்க?"

தலைவலி என்ற சொல் வாய்வரை வந்தது.

"உங்களையெல்லாம் ஏத்தாமப் போறதுக்குத்தான்."

அவர் அடிக்கவில்லை, திட்டவுமில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"சரி, போயிட்டு வாங்க சார்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

பழைய சைலன்சர் பழைய இரும்போடு போய்விட்டது. இப்போது முதல் வளைவிலிருந்தே ஹோர்ன் அடித்துக்கொண்டு வருகிறேன். மதகடியில் கெப்பை நிறுத்திக் காத்திருக்கிறேன். மேலே மலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். பிறகு மறுபடி குனிந்துகொள்கிறார்கள். படியில் யாரும் இறங்கி வருவதில்லை.