அப்பாவின் கத்தியில் நெல்லளவு உடைவு

மூன்று நாளாக என் கையில் மண்ணெண்ணெய் மணம். எல்லாம் கனடாவிலிருந்து தைப்பொங்கலுக்கு வரும் அண்ணையால் வந்த வினை. வந்ததும் அப்பாவின் சவரக்கத்தியால்தான் முகம் வழிப்பாராம். அலுமாரியின் அடியிலிருந்து எடுத்துப் பார்த்தால், துருப்பிடித்து, கத்தியைவிடக் கறள்தான் கூட. வாழ்நாளில் சவரமே செய்யாத ஐம்பத்தாறு வயதுக்காரி கொக்குவில் வீட்டுக் கிணற்றடியில் குந்தியிருந்து சவரக்கத்தி தீட்டுகிறாள். பக்கத்து வீட்டார் என்ன நினைக்கிறார்களோ, முருகனுக்குத்தான் வெளிச்சம்.

கறள் மண்ணெண்ணெயில் ஊறிக் கழன்றது. கொம்புப் பிடிக்குத் தேங்காயெண்ணெய் பூசினேன். அந்த மணத்தோடு அப்பாவும் வந்துவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் நல்லூருக்குப் போகமுன், முகமெல்லாம் நுரையோடு இதே கிணற்றடியில் நிற்பார். அந்த நேரம் ஒருவரும் கதைக்கக்கூடாது. கத்தியைத் தொடவும் கூடாது.

நான் தொட்டேன். பட்டத்தில் விண் என்ற நாடா பூட்டிய வில்லைக் கட்டினால்தான் அது மேலே நின்று கூவும். விண்ணுக்கான நாடாவைக் கண்ணாடித் துண்டால் சுரண்டிச் சுரண்டி மெல்லிசாக்க வேண்டும். பத்து வயதில் எனக்கு எங்கே அந்தப் பொறுமை? அப்பாவின் கத்தியை எடுத்தேன். விண் அருமையாக வந்தது, கத்தியின் வாய் நெல்லளவு உடைந்தது. அடுத்த வெள்ளி அப்பாவின் தாடையில் இரத்தம். பெண்பிள்ளை பட்டம் கட்டுவாள் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. வேலியில் பூவரசம் தடி முறித்து அண்ணையை விளாசினார். நான் கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அண்ணை அழுதார், ஆனால் தான் இல்லை என்று சொல்லவேயில்லை.

சாணைக்கல்லில் இரண்டு நாள் தேய்த்ததில் உடைவு போய்விட்டது. என் நெஞ்சில் இருந்தது போகவில்லை. இதை மறைத்துக்கொண்டு அண்ணையின் கையில் எப்படிக் கத்தியைக் கொடுப்பது? நேற்றுப் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அண்ணை சிரித்தார்.

"எனக்கு அப்பவே தெரியும். அப்பிடி ஒரு விண் கட்ட எனக்கு வராது. உன்ரை பேரைச் சொல்லியிருந்தா, அப்பா பட்டத்தை முறிச்சு அடுப்புக்கை வைச்சிருப்பார்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரோ, அந்த உடைவு இன்னும் இருக்கோ என்று கேட்டார். தேய்த்துவிட்டேன் என்றேன்.

"நான் அடி வாங்கினதுக்கு இருந்த ஒரே அத்தாட்சி. அதையும் அழிச்சுப்போட்டியே?"

அப்பா போய்ப் பல வருடம். பூவரச வேலி நின்ற இடத்தில் இப்போது மதில். இன்று காலை சுன்னாகம் சந்தைக்குப் போனபோது, மரக்கறியோடு விண்ணுக்கு நாடாவும் வாங்கி வந்தேன். இந்த முறை கண்ணாடித் துண்டால்தான் சுரண்டுகிறேன்.