கையால் போட்டதாகச் சொன்ன கணக்கு

ஆராய்ச்சி இதழ்களிலும் ஸ்டெப் மார்க் உண்டு என்று நம்பியவன் நான். விடை சரியாகவே இருந்தாலும் வழி காட்டாதவனுக்கு முட்டை. மெஷினைக் கேட்டு எழுதினாலோ, பிட் அடித்த மாதிரி. இந்த ஞானத்தோடுதான் எண்பதுகளில் இயற்பியலில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன்.

சென்னையில் ஒரு நிறுவனத்துக் கம்ப்யூட்டரில் புது மென்பொருள் ஒன்று வந்திருந்தது. எண்களை மட்டுமல்ல, எக்ஸ், ஒய் என்று எழுத்துகளையே பெருக்கிச் சுருக்கித் தரும். ஆறு மாதம் நான் மல்லுக்கட்டிய சமன்பாட்டை ஒரே மதியத்தில் முடித்துக் கொடுத்தது. அதைக் கட்டுரையில் சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. ‘நீண்ட, ஆனால் நேரடியான கணக்கின்படி’ என்று எழுதிவிட்டேன். அச்சாகியும்விட்டது.

விடுமுறைக்குப் புதுச்சேரிப் பக்கம் சொந்த ஊரான கிருமாம்பாக்கம் வந்திருந்தபோது, வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவரின் கடிதம் வீடு தேடி வந்தது. ‘கையால் போட்ட கணக்குதானே? இடைப்படிகளை அனுப்ப முடியுமா?’ அவ்வளவுதான் கேட்டிருந்தார். மனுஷன் கண்டுபிடித்துவிட்டான், பட்டம் போச்சு என்றே முடிவு கட்டினேன்.

உண்மையை எழுதியிருக்கலாம். நான் இன்னா செய்தேன் தெரியுமா? விடையிலிருந்து பின்பக்கமாகவே நடந்து, பதினோரு நாளில் நாற்பது பக்கம் ‘கைக்கணக்கு’ தயாரித்தேன். இரண்டு நிற மை, அங்கங்கே அடித்தல் திருத்தல். முட்டிக்கொண்ட இடத்தில் ‘சுருக்கினால்’ என்று போட்டுத் தாண்டினேன். பழசாகத் தெரியட்டும் என்று ஒரு பக்கத்தில் டீயும் விட்டேன்.

மனைவி பார்த்துவிட்டாள்.

“இன்னாங்க, கணக்குக்கு டீ ஊத்தறீங்க?”

“ஆராய்ச்சிம்மா.”

“ஆராய்ச்சிக்கு இப்டியா வேர்க்கும்? கள்ளப் பத்திரம் எழுதறவன் மூஞ்சியாட்டம் இருக்குது.”

அவள் முகத்தைப் பார்க்காமல் கவரை ஒட்டினேன். அன்றைக்கே தபாலில் சேர்த்தேன்.

பல மாதம் கழித்துப் பேராசிரியரிடமிருந்து தடித்த உறை வந்தது. இரண்டு நாள் பிரிக்காமல் அரிசி டின்மேல் வைத்திருந்தேன்; அந்தப் பக்கம் போனாலே வியர்த்தது. பிரித்தால், அவருடைய புதுக் கட்டுரையும் ஒரு கடிதமும். அதே கணக்கை அவரும் மென்பொருளில்தான் போட்டிருக்கிறார். மெஷினை நம்பத் தைரியமில்லை. கையால் போட்டவன் எவனாவது ஒத்துச் சொன்னால் தேவலை என்றுதான் எனக்கு எழுதியிருக்கிறார். கைக்கணக்கால் தனியாகச் சரிபார்த்துத் தந்ததற்காக, கடைசிப் பக்கத்தில் என் பெயரைச் சொல்லி நன்றியும் அச்சாகியிருந்தது.

நான் சென்னையில் பயன்படுத்திய அதே மென்பொருளைத்தான் அவரும் பயன்படுத்தியிருந்தார். அதை நான் அவருக்கு எழுதவே இல்லை.