தக்ளிப் பரீட்சை

குமாரபாளையத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வாத்தியாராக இருந்தேன். யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முன்பு ஓர் உத்தரவு வந்தது. தக்ளியில் நூல் நூற்பதும் இனி வருஷப் பரீட்சையில் ஒரு பாடம். அதில் தவறினால் மேல் வகுப்பு கிடையாது. எங்கள் தலைமை ஆசிரியருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இனிமேல்தான் கல்வியின் தரம் உயரப்போகிறது என்று எங்களைக் கூட்டிவைத்துப் பேசினார். தக்ளியை எந்தப் பக்கம் சுழற்றுவது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மார்க்குப் போட வேண்டியவன் நான்.

பிள்ளைகள் வீட்டில் நூற்று, சிட்டமாகச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். பண்ணையக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பவானியில் கதர்க்கடைச் சிட்டத்தை வாங்கி வந்து நீட்டினார்கள். சிலர் கடைச் சீட்டைக்கூட அவிழ்க்கவில்லை. நானே பிய்த்துப் போட்டுவிட்டு மார்க்கும் போட்டேன். இத்தனை பேரும் தவறிப்போனால் தலைமை ஆசிரியரின் தரம் என்ன ஆவது?

ஒரு நெசவுக்காரர் மகள் மட்டும் திப்பி திப்பியாக, முடிச்சு முடிச்சாக, அழுக்கேறிய நூலைக் கொடுத்தாள். கணக்கில் அவள்தான் வகுப்பில் முதல். ஐந்தாம் வகுப்பு தேறினால் மேலே படிக்கட்டும், இல்லாவிட்டால் வீட்டிலிருந்து தறிக்கு நூல் தார் சுற்றட்டும் என்று அவள் அப்பா சொல்லியிருந்ததும் எனக்குத் தெரியும். ஆனாலும், நெசவுக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு நூற்க வராதா, என்ன அலட்சியம் என்று எனக்குக் கோபம். நூற்றுக்குப் பத்து மார்க்கோடு நிறுத்திக்கொண்டேன்; அவள் தவறிப்போனாள்.

முடிவு ஒட்டிய அன்று அவள் அம்மா வந்தாள்.

"நாங்க நெய்யறவங்க, சாமி. நூலு மில்லுல இருந்து கட்டா வருதுங்க. எங்க ஊட்டுல ஆரும் நூத்ததில்லீங்க. இது அவளாவே நூத்ததுங்க."

தறிச் சத்தத்துக்கு நடுவே குடியிருந்தும் இந்த விஷயம் என் மண்டையில் ஏறியிருக்கவில்லை. வகுப்பிலேயே தன் கையால் நூற்றவள் அவள் ஒருத்திதான். தலைமை ஆசிரியரிடம் ஓடினேன். பட்டியல் மேலே போய்விட்டதாம். ஒரு பெண்ணுக்காகத் தரத்தை விட்டுக்கொடுக்க முடியாதாம்.

இரண்டு வருஷத்தில் அந்தப் பாடத்தையே நீக்கிவிட்டார்கள். இனிமேல்தான் தரம் உயரும் என்று அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே மனிதர் பேசினார். முதல் தடவை தலையாட்டிய நான் அப்போதும் தலையாட்டினேன். அடுத்த தெருவில் அவள் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு அந்தத் தெருதான் குறுக்கு வழி. நான் சுற்றிக்கொண்டுதான் போய்வந்தேன்.