அத்தா பனியில் நடந்த வெள்ளிக்கிழமை

2003ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளும் அமெரிக்கர்களின் நன்றி நாளும் ஒரே வாரத்தில் வந்தன. எங்கள் வீட்டுக் கணக்கில் பெருநாள் செவ்வாய், நன்றி நாள் வியாழன். பெருநாளுக்கு வராத அத்தா நன்றி நாளுக்கு வந்தார். அதனால் வீட்டில் பேச்சு நின்றுபோயிருந்தது.

அம்மா டாக்டர். படிக்க வந்த வெளிநாட்டு டாக்டர்கள் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்க வேண்டுமானால், மற்ற டாக்டர்கள் போக விரும்பாத ஏதாவது ஓர் இடத்தில் மூன்று வருடம் வேலை பார்க்க வேண்டும் என்று விசாவில் ஒரு வழி இருந்தது. அம்மாவுக்கு வாய்த்த இடம் சியரா மலையில், ஒரே ஒரு சிக்னல் விளக்கு உள்ள ஓர் ஊர். அத்தாவுக்கு ஃப்ரீமாண்ட்டில் சாஃப்ட்வேர் வேலை. 2001 ஜூனில், எனக்கு எட்டு வயது நடந்தபோது, அம்மாவும் நானும் மலைக்குப் போனோம். அத்தா வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி நேரம் கார் ஓட்டி வருவார், ஞாயிறு மாலை திரும்புவார். எங்கள் வீட்டில் மேலே, கீழே என்பவை திசைகள் அல்ல, ஊர்ப்பெயர்கள்.

மூன்று வருடம் அடுத்த ஜூனோடு முடிய இருந்தது. அதற்குமேலும் இருக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். அம்மாவுக்கு இருக்க ஆசை. கிறிஸ்துமஸுக்குள் பதில் சொல்ல வேண்டும். ஃபோனில் அம்மா, "நீங்க மேல வாங்களேன்" என்பாள். மறுமுனையில் அத்தா என்ன சொல்கிறார் என்பது எனக்குக் கேட்காது, ஆனால் அம்மா அடுத்ததாக, "நாங்க ஏன் கீழ வரணும்?" என்று கேட்பதால் தெரிந்துவிடும். இப்படி அக்டோபர் முழுக்க மேலும் கீழுமாகப் போனது.

பெருநாளுக்கு முந்தின நாள் கணவாயில் பனி பெய்து, டயரில் சங்கிலி மாட்டாத கார்களைத் தடுத்துவிட்டார்கள். அத்தாவிடம் சங்கிலி இருந்தது, மாட்டத் தெரியவில்லை; பனி பெய்யும் வாரங்களில் அவர் கிளம்புவதே இல்லை. பாதி வழியில் திரும்பிப் போய்விட்டார். அம்மா பெருநாள் காலை பிரியாணியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் சங்கிலி மாட்டத் தெரியும். இருட்டில், ஒற்றை ஆளாக, பத்து நிமிடத்தில் மாட்டுவாள். அதனால் அத்தா சொன்ன காரணம் அவளுக்குக் காரணமாகவே படவில்லை.

புதன்கிழமை மாலை அத்தா வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் என் வழியாகத்தான்.

"அத்தாகிட்ட கேளு, சோறு போடவான்னு."

"போடச் சொல்லு. கொஞ்சமா."

மேசையின் அகலம் மூன்றடிதான். நான் இரண்டு பக்கமும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொல்வேன். எனக்குத் தமிழ் புரியும், பேச வராது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

வியாழக்கிழமை மத்தியானம் அடுத்த வீட்டு அமெரிக்கப் பெண்மணி நன்றி நாளுக்குச் செய்யும் இனிப்பான பூசணிக்காய் பை எடுத்துக்கொண்டு வந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. தன்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது அவர் கட்டளை. பெரியவர்களைப் பெயர் சொன்னால் வாயில் மிளகாய் என்பது அம்மாவின் கட்டளை. அம்மா பக்கத்தில் இருக்கும்போது ஆன்ட்டி, இல்லாதபோது பெயர் என்று நான் சமாளித்து வந்தேன். எங்கள் தெருக்கோடியில் தொடங்கும் காட்டுத் தடத்துக்கு அவர்தான் பொறுப்பு. மலைச்சரிவில் சறுக்கி இறங்கும் ஸ்கீ வேறு. இது மரங்களுக்கு நடுவே, மேட்டிலும் பள்ளத்திலும், ஒல்லியான பலகைகளில் எட்டு வைத்துப் போகும் ஸ்கீ. எங்கள் ஊரில் காய்கறி வாங்கக்கூட அப்படிப் போகிறவர்கள் இருந்தார்கள்.

அந்த வருடம் பனி சீக்கிரம் வந்துவிட்டது, ஆனால் போதவில்லை. நான் பள்ளிக்கூட ஸ்கேலை ஊன்றிப் பார்த்தேன்: வெட்டவெளியில் ஏழு அங்குலம், மரத்தடியில் மூன்று. அதற்கடியில் கல், வேர், பைன் மரத்தின் ஊசியிலைகள். ஆன்ட்டி அந்த வாரம் முழுக்க நிழலில் கிடந்த பனியை வாரிக் கொண்டுவந்து கற்களின் மேல் போட்டு, உருளையால் அழுத்தி, ஸ்கீ பலகைகள் போக இணையாக இரண்டு கோடு கீறியிருந்தார். நாளைக்குத் தடத்தைத் திறப்பதாகவும், அத்தாவுக்குத் தன்னிடமிருந்த பழைய பலகைகளும் பூட்ஸும் தருவதாகவும் சொன்னார்.

அவர் போனதும் அம்மா என்னிடம், "வருவாங்களான்னு கேளு" என்றாள்.

அத்தா பூசணிக்காய் பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒரு தடவை போய்ப் பாத்துட்டா போச்சு. இந்தப் பனியில அப்படி என்னதான் இருக்கு?"

என் பத்து வயது மூளைக்கு எல்லாம் அந்த இடத்தில் தெளிவாகிவிட்டது. சண்டை பனியைப் பற்றியது. அத்தாவுக்குப் பனி பிடிக்கவில்லை. பிடித்துவிட்டால் மேலே வந்துவிடுவார். ஆகவே நாளைக்கு அவர் பலகைகள் ஊரிலேயே சிறந்த பலகைகளாக இருக்க வேண்டும்.

அந்தப் பலகைகளுக்கு அடியில், கால் பதியும் இடத்தில், ஒரு வகை மெழுகு தேய்ப்பார்கள். எட்டு வைக்கும்போது பனியைப் பிடித்துக்கொள்ளும். பிடி இல்லையென்றால் மேடு ஏற முடியாது. குளிருக்குத் தகுந்த மாதிரி மெழுகு மாறும். ஆன்ட்டி கொடுத்தவற்றில் போன வருட மெழுகு அழுக்காக ஒட்டியிருந்தது. நான் அதை வெண்ணெய்க் கத்தியால் சுரண்டி எடுத்தேன். புதிதாகத் தேய்க்க என்ன செய்வது? சமையலறை ஜன்னலில், குளிரில் உறைந்து, வெள்ளை வெளேரென்று, மெழுகைவிட மெழுகாக நின்றுகொண்டிருந்தது அம்மாவின் தேங்காய் எண்ணெய் பாட்டில். அக்டோபரிலிருந்தே அது அப்படித்தான். தினமும் வெந்நீரில் நிறுத்தி வைத்துத்தான் என் தலைக்குத் தேய்ப்பாள். குளிரில் இறுகும் பொருள் மெழுகு. தேங்காய் எண்ணெய் குளிரில் இறுகுகிறது. கரண்டிக் காம்பால் தோண்டி எடுத்து இரண்டு பலகைகளுக்கும் மூன்று தடவை பூசினேன்.

வெள்ளிக்கிழமை அத்தா மதியத் தொழுகையான லுஹர் தொழுதுவிட்டு வந்ததும் கிளம்பினோம். தடத்தின் முகப்பில் ஆன்ட்டி நின்றிருந்தார், பக்கத்தில் அவர் கையெழுத்தில் ஓர் அறிவிப்பு: பனி மெல்லியது, மேல் வளைவில் கல் தெரியும், நடப்பதற்கு அனுமதி இல்லை. நடந்தால் கால் குழி விழும். ராத்திரியில் அது கல்லாக உறைந்து அடுத்து வருபவரை விழத்தட்டும். இது அந்த ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

முதல் கால் மைல் சமதரை. அத்தா கிளம்பிய வேகத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. குச்சியை ஒரு தடவை ஊன்றினால் இருபது அடி போனார். அவரே பயந்துபோய், "ஏ, இதுக்கு பிரேக் எங்க இருக்கு?" என்று கத்தினார். நான் வெற்றி பெற்றுவிட்டதாக நினைத்தேன்.

பிறகு மேடு வந்தது. அத்தா ஒரு எட்டு வைத்தார், ஒன்றரை எட்டு பின்னால் வந்தார்.

"காலை அகட்டி வைக்கச் சொல்லு" என்றாள் அம்மா.

"அகட்டித்தான் வெச்சிருக்கேன்னு சொல்லு."

"முட்டியை மடக்கச் சொல்லு."

"இதுக்கு மேல மடக்குனா சஜ்தாதான்னு சொல்லு."

தொழுகையில் நெற்றி தரையில் படும் சஜ்தாவை நான் மொழிபெயர்க்கத் தொடங்குவதற்குள் அத்தா நகர ஆரம்பித்துவிட்டார், பின்பக்கமாக. முகம் எங்களைப் பார்த்தபடி இருக்க, மெதுவாக, மிகுந்த மரியாதையோடு எங்களைக் கடந்து போய், சரிவின் அடியில் ஒரு புதரில் உட்கார்ந்தார். புதர் தன் தலையிலிருந்த பனி முழுவதையும் அவர் மேல் கொட்டியது.

அம்மாவின் சிரிப்பு வெடித்து வந்தது. சிரித்துக்கொண்டே கீழே சறுக்கிப் போய், "ஏங்க, அடி கிடி பட்டுச்சா?" என்றாள். நேராக, அவரிடமே.

அத்தா பலகையைக் கழற்றி அடிப்பக்கத்தைத் தடவினார். கையுறையை முகர்ந்தார். அம்மாவிடம் நீட்டினார். "மோந்து பாரு. தலைக்குக் குளிச்சுட்டு வந்த மாதிரி இருக்கு."

அம்மா முகர்ந்தாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஐ வாக்ஸ்ட் தெம்" என்றேன், மெழுகு பூசியது நான்தான் என்று. அதோடு அழுகை வந்துவிட்டது. எல்லாம் என்னால் கெட்டுப்போனது. இனி அவருக்குப் பனி பிடிக்கவே பிடிக்காது.

யாரும் திட்டவில்லை. அத்தா எழுந்து உடம்பை உதறிக்கொண்டார். பிறகு மேட்டைப் பார்த்து, "மேல என்ன தெரியும்?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"ஏரி தெரியும்."

"சரி, நான் நடந்தே போறேன்."

"நடக்கக் கூடாதுங்க. ரூல் இருக்கு."

"அப்ப நீ ஸ்கீ பண்ணிட்டு வா."

அம்மா முகப்பிலிருந்து ஆன்ட்டி பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் பலகைகளையும் கழற்றி, புதருக்குப் பக்கத்தில் குத்தி நிறுத்தினாள். நான் அழுகையை நிறுத்திவிட்டேன். அந்த ஊரில் அம்மா ஒரு விதியை மீறி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என்னை முகப்புக்குப் போய் ஆன்ட்டியோடு இருக்கச் சொன்னாள். அவர்கள் ஒவ்வொரு எட்டுக்கும் கணுக்கால்வரை புதைந்து, புதிதாகப் போட்ட தடத்தின் மேலேயே ஏறி, வளைவில் மறைந்தார்கள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. எண்ணெய் பூசியதையும் அவர்கள் நடந்து போனதையும் ஆன்ட்டியிடம் நானே ஒப்புக்கொண்டேன். மறைக்கிற விஷயமாகவும் இல்லை. அவர் நல்லவர்தான், ஆனால் ஒரு வார உழைப்பு. அவர்கள் இறங்கி வந்ததும் தன் மாணவர்களிடம் பேசுவதுபோலப் பேசினார். குழி போட்டவர்கள்தான் குழியை மூட வேண்டும், காலை எட்டு மணிக்கு, மண்வெட்டியோடு. பல பேருக்கு மருந்து எழுதித் தரும் அம்மா தலையைக் குனிந்துகொண்டு சரி என்றாள். அத்தாவும் சரி என்றார்.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது எனக்கு வேலையே இருக்கவில்லை. "கொஞ்சம் ரசம் ஊத்து" என்று அத்தா அம்மாவிடமே கேட்டார். நான் என் சோற்றைச் சாப்பிட்டேன். அடுத்த ஜூனில் நாங்கள் மேலேயும் இருக்கவில்லை, கீழேயும் போகவில்லை. இரண்டுக்கும் நடுவில், அடிவாரத்தில் ஒரு வீடு பார்த்தோம். அம்மா காலையில் கிழக்கே போவாள், அத்தா மேற்கே. எது எப்போது முடிவானது என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை எட்டு மணிக்கு மூன்று பேரும் போனோம். ராத்திரி குளிரில் குழிகள் அப்படியே உறைந்திருந்தன. ஒவ்வொரு காலடியும் அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. மரத்தடியிலிருந்து பனி வாரிப் போட்டு, மண்வெட்டியின் முதுகால் தட்டிச் சமன் செய்ய வேண்டும். அத்தாவும் அம்மாவும் அடியிலிருந்து ஆரம்பித்தார்கள். நான் முன்னால் போனேன்.

இறங்கும்போது இருவரும் தடத்தை விட்டு மரங்களுக்கு நடுவே வந்திருந்தார்கள்; தடத்தில் இருந்தவை ஏறிய காலடிகள் மட்டும். தொடக்கத்தில் அத்தாவின் பெரிய காலடிகள் தடத்தின் வலது ஓரத்தில் இருந்தன. அம்மாவுடையவை இடது ஓரத்தில், நாலைந்து அடி பின்தங்கி. நடுவில் இன்னொருவர் போகலாம். வளைவு தாண்டியதும் ஓரிடத்தில் அத்தாவின் காலடிகள் நின்று, திரும்பி, கீழ்நோக்கி மூன்று எட்டு வந்திருந்தன. அந்த இடத்தில்தான் மோசம். ஒரு பாய் அளவுக்குப் பனி முழுக்க மிதிபட்டு, தடத்தின் கோடுகள் அழிந்து, அடியிலிருந்த கல்கூட வெளியே வந்திருந்தது. அதற்கு அப்புறம் மேலே ஏரி தெரியும் இடம்வரை காலடிகள் பக்கத்தில் பக்கத்தில் போயின. சில இடங்களில் எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை.

அந்த ஒரு இடத்துக்கு மட்டும் எனக்கு இருபத்தாறு மண்வெட்டிப் பனி பிடித்தது. கை வலித்தது. பின்னால் வந்து சேர்ந்தவர்களிடம் கோபமாகவே கேட்டேன், இங்கே நின்றுகொண்டு அவ்வளவு நேரம் என்னதான் செய்தீர்கள் என்று.

"கால் குளிருச்சு கண்ணு. மிதிச்சுக்கிட்டே நின்னோம்" என்றார் அத்தா. அம்மா அடுத்த குழிக்குப் பனி வாரப் போனாள்.

அவ்வளவு பெரியவர்களுக்கு நின்ற இடத்தில் சும்மா நிற்கத் தெரியவில்லையே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. கல்லை மூடி, தட்டி, மண்டியிட்டு உள்ளங்கையால் வழித்துச் சமன் செய்தேன். பத்து மணிக்கு ஆன்ட்டி மேற்பார்வைக்கு வந்தார். மற்ற இடங்களில் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு வந்தவர் அங்கே நின்று, குனிந்து பார்த்து, இந்த இடத்தில் யாரும் நின்றதாகவே தெரியவில்லை என்று என்னைப் பாராட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.