அழுகைக்கு மார்க் போட்ட காலம்

எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. வாய்த்த வேலையும் அதற்கேற்ற வேலைதான், ஷிப்டு முழுக்க நின்றபடியே. ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டித் தரும் கம்பெனி ஒன்றில் நானும் என் தோழியும் லைனில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பவர்கள். நான் சேரப்பணஞ்சேரிக்காரி, வீட்டிலிருந்து போய் வருகிறவள். அவளுக்குச் செய்யாறு பக்கம் கிராமம். வடக்குப்பட்டில் வேறு சில பெண்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள் என்பதால் நான் அவளுக்கு அக்கா.

கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் அவள் போனை எடுப்பாள். இயர்போனின் ஒரு முனை அவள் காதுக்கு, ஒரு முனை என் காதுக்கு. தமிழில் டப்பிங் செய்த ஒரு ஜப்பான் அனிமே கார்ட்டூன் தொடர். சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட பையன்கள் பனியில் பள்ளம் தோண்டி உட்கார்ந்துகொண்டு யாருடனோ சண்டை போடுவார்கள். யாருடன், எதற்கு என்பது கடைசி வரை எங்களுக்குப் பிடிபடவில்லை. அதைப்பற்றிக் கவலையும் இல்லை. யார் சாகிறான், மிச்சமிருப்பவன் என்ன செய்கிறான், அதுதான் எங்கள் கச்சேரி. ஒரகடம் சந்திப்பில் லாரிகளுக்கு நடுவே பஸ் மாட்டிக்கொண்டால் இன்னொரு சாவுகூடப் பார்த்துவிடலாம்.

அவர்கள் பயப்படுவதும் அழுவதும் எவ்வளவு நிஜமாக இருக்கிறது என்று நான் மார்க் போடுவேன். பத்துக்கு இத்தனை என்று, ஈவு இரக்கம் இல்லாமல். பயத்துக்கு அந்தப் பையன்களுக்கு நான் மூன்றுக்கு மேல் கொடுத்ததே இல்லை. குண்டு விழுந்தால் கண்ணை முட்டை மாதிரி விரித்துக்கொண்டு நிற்பார்கள், நெற்றியில் ஒரு சொட்டு வியர்வை உருளும். எனக்குப் பயம் வந்தால் முதலில் வயிறு கலக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சூப்பர்வைசர் என் பெயரைக் கூப்பிட்டாலே பாத்ரூம் எங்கே என்றுதான் கண் தேடும். இத்தனை பெரிய போரில் ஒருவனுக்குமா வயிற்றைக் கலக்கவில்லை? வரைந்தவன் பயப்பட்டே பார்க்காதவன் என்று தீர்ப்புச் சொன்னேன். அவள் சிரிப்பாள்.

சாவு விஷயத்தில்தான் எங்களுக்குள் சண்டை. நண்பன் சுடப்பட்டதும் ஒருவன் மழையில் மண்டிபோட்டு வானத்தைப் பார்த்துக் கத்துவான். நான் ஒன்பது போட்டேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

"எதிர்க்க ஆளு துப்பாக்கி வெச்சிக்கினு நிக்கிறான். இவன் யாருக்குக் காட்டறதுக்குக் கத்தறான்?" என்றாள்.

இன்னொருவன், அண்ணன் செத்த சேதி கேட்டதும், பானையில் சூப் மிச்சம் இருக்கிறதா என்று விசாரிப்பான். அவனுக்கு நான் பூஜ்யம் போட்டேன். இந்தக் கதையை எழுதியவன் ஒரு இழவு வீட்டிலும் கால் வைத்திருக்க மாட்டான் என்றேன். அவள் அன்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எனக்குப் பெரிய எரிச்சல், சேதி சொல்ல வருகிற சிப்பாய்தான். விறைப்பாக நின்று, 'உங்கள் சகோதரர் வீர மரணம் அடைந்துவிட்டார்' என்பான். எங்கள் பக்கம் யாராவது இப்படிப் போட்டு உடைப்பார்களா? தூரத்தில் இருப்பவருக்கு, 'உடம்பு கொஞ்சம் முடியல, ஒரு எட்டு வந்துட்டுப் போ' என்றுதான் தகவல் போகும். வழியிலேயே அவரும் நெஞ்சடைத்து விழுந்துவிடக் கூடாதே என்ற அக்கறை. கேட்பவரும் மேற்கொண்டு கேட்க மாட்டார். புரிந்துகொண்டு, புரியாத மாதிரி பஸ் ஏறுவார்.

அப்படி ஒரு தகவல் அவளுக்கு வந்தது. ஒரு திங்கட்கிழமை, முதல் ஷிப்டு, டீ இடைவேளை முடிந்து லைன் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. போனெல்லாம் வெளியே லாக்கரில் இருக்கும். அவள் அண்ணன் கம்பெனி நம்பருக்குப் போன் போட்டுச் சொல்ல, தகவல் கேட்டிலிருந்து ஆபீசுக்குப் போக, ஆபீசிலிருந்து சூப்பர்வைசர் வந்தார். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லையாம், உடனே வரச் சொல்கிறார்களாம் என்றார். அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. கேட் பாசை அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்து வந்திருந்தார். காய்ச்சல் என்று போனால் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிற மனிதர். துணைக்கு நானும் போகட்டுமா என்று கேட்கிறேன், சரி என்று எனக்கும் ஒரு பாஸ் எழுதுகிறார். லைனில் இருந்த அத்தனை பேரும் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். இவ்வளவு சுலபமாக லீவு கிடைக்கிறது என்றால் ஆள் போய்விட்டார், வேறென்ன?

லாக்கரில் போனை எடுத்ததும் அவள் அண்ணனைக் கூப்பிட்டாள். அவர் அவசரமாக, "வா, வந்து பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டார். சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் போயிற்று.

வாலாஜாபாத் போகிற பஸ்ஸில் அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. பையைத் திறக்கிறேன், மூடுகிறேன், இறங்கும்போது செருப்பை மறந்து திரும்ப ஏறுகிறேன். வாலாஜாபாத்தில் காஞ்சிபுரம் பஸ்ஸுக்கு நின்றபோது எதிரே பூக்கடை. மகள் வெறுங்கையோடு போய் நிற்கலாமா என்று நானேதான் யோசித்து, ஒரு ரோஜா மாலை வாங்கி பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டேன். அந்த மாலையைப் பார்த்ததும் அவள் உடைந்தாள்.

அப்படி ஒரு அழுகையை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. காஞ்சிபுரம் பஸ்ஸில் தொடங்கி, அங்கே பஸ் மாறி, பாலாற்றுப் பாலம் தாண்டியும் அழுதுகொண்டே வந்தாள். சின்ன வயதில் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துச் சந்தைக்குக் கூட்டிப்போனது, மூக்குத்தி வாங்கித் தருகிறேன் என்று சொன்னது, போன மாதம் போனில் அவரிடம் சள்ளென்று விழுந்தது, எல்லாம் சொல்லிச் சொல்லி அழுதாள். கண்டக்டர் பாட்டை நிறுத்தினார். எங்களிடம் டிக்கெட் கேட்கவில்லை. முன் சீட்டில் இருந்த ஒரு அம்மா யாரென்று என்னிடம் ஜாடையில் கேட்டு, அப்பா என்றதும் அவரும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மடியில் மாலையை வைத்துக்கொண்டு, எப்போது செய்யாறு வரும், எப்போது இறங்குவோம் என்று தவித்தேன்.

செய்யாறு பஸ் நிலையத்தில் அவள் அண்ணன் பைக்கோடு நின்றிருந்தார். அவர் கண் நேரே என் கையில் இருந்த பைக்குத்தான் போனது.

"இன்னாத்துக்கு மாலை?" என்றார்.

கேட்டதுமே அவருக்கு விளங்கி முகம் இருண்டது. அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், மூச்சுத் திணறல், டாக்டர் உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கண்ணைத் திறந்து காபி கேட்கிறார் என்றார். அவள் அண்ணனைத் தோளிலும் முதுகிலும் படபடவென்று அடித்தாள். அவர் வாங்கிக்கொண்டு நின்றார். உடம்பு முடியவில்லை என்றுதான் அவர் சொல்லி அனுப்பினார், அதுதான் உண்மையும். அவரை எதற்குக் குறை சொல்வது? எனக்கு அந்த நேரம் வந்ததெல்லாம் கோபம். சூப்பர்வைசர் மேல், கேட் பாஸ் மேல், நேராகப் பேசத் தெரியாத எங்கள் ஊர் மொத்தத்தின் மேல். மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு தூண் ஓரமாக வைத்தேன். மாடு ஒன்று வந்து நிதானமாகத் தின்றது.

வார்டில் அவர் தலையணையில் சாய்ந்து, மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். மகளின் முகத்தை ஏற இறங்கப் பார்த்தார். அவள் கண் இரண்டும் வீங்கி, குரல் கட்டிப்போய் நின்றாள்.

"யாரு செத்துட்டாங்கன்னு மூஞ்சிய இப்படி வெச்சிக்கினு வந்துகீற?" என்றார்.

"நீதான்" என்றாள்.

எனக்கு வயிறு கலக்கிவிட்டது. அவர் குழாய் ஆடுகிற மாதிரி சிரித்தார். எங்கேயிருந்து அழுதாய் என்று விசாரித்தார். வாலாஜாபாத்திலிருந்து என்றாள். பஸ்ஸிலா, ஜனங்கள் பார்த்தார்களா, என்னவெல்லாம் சொல்லி அழுதாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, சைக்கிள், சந்தை, மூக்குத்தி எல்லாம் வரிசையாகச் சொன்னாள். கண்டக்டர் டிக்கெட் வாங்கவில்லை என்றதும் அவருக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். ஊசி போட வந்த நர்ஸிடமும் பக்கத்துக் கட்டில்காரரிடமும், என் பொண்ணு எனக்காக வாலாஜாபாத்திலிருந்து அழுதுகொண்டே வந்தாள் என்று மூச்சிரைக்கச் சொன்னார். செத்தபின் நடக்கிற கூத்தை இருந்து கேட்கிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும் என்று எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

மறுநாள் நான் வேலைக்குத் திரும்பினேன். அவள் அங்கேயே இருந்தாள். பஸ்ஸில் இயர்போனின் இரண்டு முனையும் எனக்கே. அவள் இல்லாமல் அடுத்த பாகம் பார்ப்பதில்லை என்று பேச்சு. அதனால் எதுவும் ஓடாத இயர்போனை மாட்டிக்கொண்டு ஜன்னல் வழியே கம்பெனிச் சுவர்களை எண்ணிக்கொண்டு போனேன். கை பரபரக்கிறது, மனம் ஒன்றிலும் நிற்கவில்லை. யாராவது சூப்பர்வைசரிடம் பேசினாலே எனக்குத்தான் தகவல் என்று திடுக்கிட்டேன்.

அந்த வாரம் முடிவதற்குள் அதே தகவல் அதே வழியாக எனக்கு வந்தது. அவள் அப்பாவுக்கு முடியவில்லையாம், என்னை வீட்டுக்கு வரச் சொல்கிறாளாம். இந்த முறை சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். போன தடவையும் இப்படித்தானே, அந்த ஆள் காபி குடித்தாராமே, ஷிப்டு முடித்துவிட்டுப் போகக் கூடாதா என்றார். கெஞ்சிக் கூத்தாடி பாஸ் வாங்கினேன். இவ்வளவு கஷ்டப்பட்டுக் கிடைத்ததால் அவர் உயிரோடுதான் இருப்பார் என்று நம்பினேன். மாலை வாங்கவில்லை. ஆர்லிக்ஸ் பாட்டில் வாங்கிக்கொண்டு போனேன். அவள் வீட்டுத் தெருமுனையிலேயே பந்தல் தெரிந்தது, பறைச் சத்தம் கேட்டது. பாட்டிலைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே அவள் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். அவரை வைத்திருந்த ஐஸ் பெட்டிக்குக் கரண்ட் இழுத்த ஒயர் நடைபாதையில் கிடக்கிறது, யாராவது தடுக்கி விழப்போகிறார்கள் என்று ஓரமாக ஒதுக்கி டேப் ஒட்டினாள், லைனில் ஒட்டுகிற மாதிரி சுத்தமாக. பெண்கள் கட்டிப்பிடித்து மாரடித்தபோது அவள் கையைத் தொங்கவிட்டு நின்றாள். பக்கத்து வீட்டிலிருந்து டீ வந்தது. தட்டை அவளே வாங்கிக்கொண்டு வரிசையாகக் கொடுக்கத் தொடங்கினாள். செத்தவரின் மகள் டீ கொடுப்பதை நான் எங்கேயும் பார்த்ததில்லை. சுற்றி இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கும் உள்ளுக்குள், இது நம்புகிற மாதிரி இல்லையே என்றுதான் முதலில் ஓடியது. அவள் அழுத பஸ்ஸில் கூடவே உட்கார்ந்து வந்தவள் நான். எனக்கே அப்படி ஓடியது. அந்த நிமிடம் என் வாயில் நானே அறைந்துகொள்ளலாம் போல் இருந்தது. இந்தப் பெண் அப்பாமேல் பாசம் இல்லாதவள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டால், அவள் இனி அந்த வாசலில் எப்படி வந்து போவாள் என்று பதறினேன். ஒரு சொட்டாவது வந்துவிடக் கூடாதா என்று அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் அப்பாவின் அக்கா, அவளுக்கு அத்தை, ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"அப்பனைப் பறிகுடுத்தவ மாதிரியா கீறா இவ? கண்ணுல ரெண்டு சொட்டுத் தண்ணி வருதா பாரு."

ஒப்பாரி சட்டென்று நின்றது. எனக்கு நாக்கு நுனிவரை வார்த்தை வந்துவிட்டது, எழுந்தும்விட்டேன். அவள் என்னை உட்காரச் சொல்லிக் கை காட்டினாள். தட்டை ஒரு கையில் தாங்கிக்கொண்டு, கோபம் இல்லாமல், அத்தையின் எதிரே குந்தினாள்.

"நான் அழுததை அப்பா பாத்துட்டாரு அத்தே. இன்னா சொல்லி அழுதேன்னு ஒண்ணொண்ணா கேட்டுக்கினுதான் போனாரு."

பிறகு தட்டிலிருந்து ஒரு டம்ளர் எடுத்து அத்தையின் கையில் கொடுத்தாள்.