சீட்டுக்குத் தெரியாத ஆள்

அண்ணியை நாத்தனார் புகழ்ந்தால் மழை கொட்டும் என்பார்கள். கொட்டட்டும். புல் வளரும், எங்கள் அண்ணிக்கு வேலை இருக்கும்.

விளையாட்டு மைதானத்தில் பெருக்குகிற வேலைக்குச் சேர்ந்தவள் அவள். நான் அங்கேயே வாசலில் டிக்கெட் கிழிக்கிறவள். அண்ணி ஒல்லி என்றால் அப்படியொரு ஒல்லி. 'பென்சில்' என்று பெயர் வைத்தது நான்தான். பதிலுக்கு அவள் எனக்கு வைத்த பெயர் 'பீரோ'. கணக்கு நேராகிவிட்டது.

ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற புல் வெட்டும் வண்டி ஒன்று அங்கே உண்டு. அதை ஓட்டியவர் வேலையை விட்டுப் போனதும், "நான் ஓட்டுறேன்" என்று அண்ணி போய் நின்றாள். "பெருக்குறவ பெருக்கு" என்றார் சூப்பர்வைசர். விடுவாளா? அந்த மனுஷன் உயிரை வாங்கி, சாவியையும் வாங்கினாள்.

முதல் நாளே வண்டி மக்கர் செய்தது. அண்ணி சாவியைத் திருப்பினால் 'டிக்' என்றுகூடச் சத்தமில்லை. தொந்தி முன்னால் வர மெக்கானிக் வந்தார். பாட்டரியை மாற்றினார், பிளக்கைத் துடைத்தார், தானே ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். உறுமிக்கொண்டு கிளம்பியது. அவர் அணைத்துவிட்டு இறங்க, அண்ணி ஏறினாள். கப்சிப்.

"பிரேக்கை மிதிச்சியாம்மா?"

"ரெண்டு காலாலயும் மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"பிளேடு ஆஃப்ல இருக்கா?"

"இருக்கு. பெட்ரோலும் இருக்கு. எனக்குக் கண்ணும் இருக்கு."

சூப்பர்வைசருக்கு ஒரே சிரிப்பு. "வண்டிக்கே தெரியுது பாரு! பொம்பளை உட்கார்ந்தா கோவிச்சுக்குது. நாளைக்கு மேட்ச். சாயந்தரத்துக்குள்ள புல்லு வெட்டலைன்னா, இனிமே உனக்கு இதான்" என்று ஒரு துடைப்பத்தைக் கொண்டுவந்து சக்கரத்தின் முன்னால் போட்டார்.

எனக்கு வந்ததே கோபம்! அண்ணி மட்டும் சீட்டையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"அவர் உட்கார்ந்தா ஓடுது, நான் உட்கார்ந்தா ஓடலை. அப்ப கோளாறு இன்ஜின்ல இல்ல, உட்கார்ற இடத்துல. ஏய் பீரோ! ஏறுடி."

ஏறினேன். சாவியைத் தொட்டேனோ இல்லையோ, வண்டி அலறியது.

"நானும் பொம்பளைதான் சார்!" என்று அதற்கு மேல் நான் அலறினேன்.

"உன்னை யாரும்மா அதுல சேர்த்தா?" என்றார் அவர். வாய்க்கொழுப்பு. இறங்கி வந்து இரண்டில் ஒன்று பார்த்திருப்பேன்; அண்ணி முந்திக்கொண்டாள்.

"நீங்க உட்காருங்க சார்."

சூப்பர்வைசரும் அண்ணி ரகம்தான். பெல்ட் இல்லாவிட்டால் பேன்ட் நிற்காது. ஜம்பமாக ஏறினார், திருப்பினார். இன்னொரு தடவை திருப்பினார். ஊஹூம்.

"என்ன சார், உங்ககிட்டயும் கோவிச்சுக்கிச்சா?"

மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டே சீட்டைத் தூக்கிக் காட்டினார். அடியில் ஒரு சுவிட்ச். ஆள் கனம் அதை அழுத்தினால்தான் இன்ஜின் ஓடும். ஆள் எழுந்தால் நின்றுவிடும். "பழைய டிரைவர் மலை மாதிரி இருப்பாரு. சீட்டு அமுங்குதுன்னு நான்தான் முரட்டு ஸ்பிரிங் போட்டேன். மறந்தே போச்சு" என்றார்.

"அப்ப கனமா ஒரு ஆளைப் பார்த்துடலாம்" என்றார் சூப்பர்வைசர், பேன்ட்டைத் தட்டிக்கொண்டே.

அண்ணி வண்டிக்கு முன்னால் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். "ஸ்பிரிங்கை மாத்துங்க. ஆளை மாத்துற பேச்சு வேண்டாம். எனக்கும் ஓடலை, உங்களுக்கும் ஓடலை. நான் துடைப்பம் எடுத்தா, நீங்களும் ஒண்ணு எடுங்க."

மெக்கானிக் களுக்கென்று சிரித்துவிட்டு, பழைய ஸ்பிரிங்கைத் தேடி எடுத்து வந்து மாட்டினார். அண்ணி ஏறினாள். திருப்பினாள். பிடித்துக்கொண்டது! நான் அடித்த விசில் கேட்டு வாசலில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அண்ணி கிளம்பவில்லை. "சார், துடைப்பம் வழியில கிடக்கு."

"நீயே இறங்கி எடு."

"நான் எந்திரிச்சா வண்டி நின்னுடும் சார். சீட்டுல ஆள் இருக்கணுமாம்."

இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. சூப்பர்வைசர் குனிந்து எடுத்தார்.