வியாழக்கிழமைச் சந்தைக்கு உயிர் கொடுத்த எங்கள் அக்கா

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர் அவர் கையால் ஒரு தட்டு இட்லியாவது சாப்பிட்டிருப்பீர்கள். அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை அக்காவின் கணவரான மாமா என்னிடம் கொடுத்தார். "நீதான் அவகூடவே வளந்தவ, நீயே எழுதும்மா" என்றார். கூடவே வளர்ந்தேன் என்பது உண்மை. அவருக்கு நான் வேண்டியிருந்த ஒரு நாளில் அவர் பக்கத்தில் நிற்கவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் எழுதாமல் இந்தக் கட்டுரை முழுமையாகாது என்பதால்தான் இத்தனை மாதம் தயங்கினேன்.

அக்கா பிறந்தது வடக்குப்பட்டில், அம்மாவின் தாய் வீட்டில். எனக்கும் அவருக்கும் ஒன்பது வயது வித்தியாசம். அம்மா காலமானபோது அக்காவுக்குப் பதினாலு வயது, எனக்கு ஐந்து. அந்த நாளில் எங்கள் ஊர்ப் பள்ளியில் எட்டாவதோடு வகுப்பு முடிந்துவிடும். மேலே படிக்க வேண்டுமானால் ஸ்ரீபெரும்புதூருக்குப் போக வேண்டும். நான் இருந்ததால் அக்கா போகவில்லை. எனக்குத் தலை வாரி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடத்து வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, வேலிக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்று பாடம் கேட்டுவிட்டுத்தான் வீடு திரும்புவார். அவர் மணந்தது எங்கள் தெருக்காரரான மாமாவை. லாரி பட்டறையில் மாமாவுக்கு ஃபிட்டர் வேலை. அக்கா சந்தைத் தெருப் புளியமரத்தடியில் ஒரு டிபன் கடை போட்டார்.

எங்கள் ஊர் ஒரகடம் சாலையிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அன்று சுற்றியுள்ள கிராமங்களுக்கெல்லாம் அதுதான் டவுன். வியாழக்கிழமை சந்தை கூடும். ஏரியின் உபரி நீர் ஓடும் கால்வாயின் மேல் ஒரு தரைப்பாலம் இருந்தது. அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் பஸ் ஊருக்குள் வரும். ஒரு மழைக்காலத்தில் அந்தப் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. பஸ் மெயின்ரோட்டோடு நின்றது. முதலில் வெளியூர் வியாபாரிகள் வருவதை நிறுத்தினார்கள். பிறகு சந்தையே நின்றது. சந்தைத் தெருவில் மூன்று கடைகள் மிஞ்சின. அவற்றில் ஒன்று அக்காவுடையது. மாதம் ஒரு குடும்பமாகத் தாம்பரத்துக்கும் படப்பைக்கும் பெட்டி கட்டியது.

1991ஆம் ஆண்டின் கோடை முடிந்து பள்ளி திறந்தபோது தலைமை ஆசிரியர் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசினார். வெளியூர் ஆசிரியர்கள் இருவர் மாற்றல் கேட்டுவிட்டார்களாம். அரையாண்டுத் தேர்வுக்குள் பஸ் வராவிட்டால் ஒன்பதாவதும் பத்தாவதும் மூடப்படும் என்றார். அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனாலும் அன்று கடையைச் சாத்திவிட்டு அந்தக் கூட்டத்துக்குப் போயிருந்தார். திரும்பி வந்து என்னிடம், "ஏன்டி, நம்ம ஊர்ப் பொண்ணுங்க மறுபடியும் எட்டாவதோட நின்னுடணுமா?" என்றார்.

அடுத்த வாரமே நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு யூனியன் ஆபீசுக்குப் போனார். மூன்று முறை நடந்த பிறகு ஓர் அதிகாரி மனம் வைத்தார். சிமெண்டும் குழாயும் தருகிறோம், ஆளுக்கு மட்டும் வழியில்லை, வேலையை ஊரே செய்துகொள்ள முடியுமா என்றார். முடியும் என்று அக்கா அங்கேயே சொல்லிவிட்டார்.

பாலம் கட்டத் தெரிந்த கொத்தனார் எங்கள் ஊரில் ஒருவர்தான், காலனியில் இருந்த டேவிட் அண்ணன். ஆந்திரா வரை போய்ப் பாலம் கட்டியவர். அக்கா அவர் வீட்டுக்குப் போனபோது நானும் உடன் இருந்தேன். அவர் மனைவி ரோசம்மா வாசலில் கீரைக்கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். டேவிட் அண்ணன் அக்காவை உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டார்:

"கட்டித் தர்றோம்மா. நாப்பது பேரு வந்து நிக்கிறோம். பாலம் வந்தா பஸ்ஸு வரும், பஸ்ஸு வந்தா சந்த வரும். சந்த வந்தா எங்க வூட்டுப் பொம்பளைங்க எங்க ஒக்கார்றது? பழையபடி வேலிக்கு வெளிய, வெய்யில்லயா?"

இளைய தலைமுறைக்கு இது தெரிந்திருக்காது. எங்கள் சந்தையில் புளியமர நிழலெல்லாம் ஊர்க்காரர்களுக்கு. காலனிக்காரர்கள் வேலிக்கு வெளியே ரோட்டோரத்தில் சாக்கு விரித்து விற்பார்கள். யாருக்கு எந்த இடம் என்று ஒதுக்கும் பொறுப்பு பரம்பரையாக எங்கள் குடும்பத்தில் இருந்தது. அப்போது அதைக் கவனித்தவர் எங்கள் அப்பா.

அக்கா எழுந்து ரோசம்மாவின் பக்கம் போய் நின்றார். பிறகு, "என் கடைக்குப் பக்கத்துல ரோசம்மா கடை. அதுக்கு நான் பொறுப்பு" என்றார்.

அன்று மாலை வீட்டில் நடந்ததை மறைக்க விரும்பவில்லை. அப்பா நல்லவர். எங்களுக்காக மறுமணம் செய்துகொள்ளாதவர். ஆனால் அந்த விஷயத்தில் அவர் இறங்கி வரவில்லை.

"பாலம் கட்டு, வேணான்னு சொல்லல. சந்த வேற வெசயம். ரெண்டையும் போட்டுக் கொழப்பாத."

"கட்டறதுக்கு அவங்க வேணும், ஒக்கார்றதுக்கு வேணாமாப்பா? இது இன்னா நாயம்?"

"நீ வாக்குக் குடுத்துட்டு வந்துட்ட. நான் நாளிக்கு இந்தத் தெருவுல எப்படித் தலை நிமிந்து நடக்கறது? வாக்குதான் பெருசுன்னா இந்த வூட்டு வாசப்படி ஏறாத."

அக்கா ஏறவில்லை. மறுநாள் காலை தோட்டத்துப் பக்கம் வந்து வேலி ஓரமாக நின்று என்னைக் கூப்பிட்டார்.

"இன்னிக்கு மொத நாள் வேல. என்கூட வந்து நில்லுடி. கல்லு மண்ணு தூக்க வேணாம். சும்மா வந்து நின்னாப் போதும்."

உள்ளே அப்பா காபி குடித்துக்கொண்டிருந்தார். "அப்பா திட்டுவாருக்கா" என்றேன். அக்கா வேலியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். "சரி, துணி காயுது பாரு, எடுத்து வெய்யி" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. திட்டுக்குப் பயப்படும் வயதில்லை.

மொட்டை மாடியிலிருந்து கால்வாய் தெரியும். முதல் நாள் காலனி ஆட்கள் முழுவதுமாக வந்திருந்தார்கள். எங்கள் தெருவிலிருந்து அக்காவும் மாமாவும் மட்டுமே. மாமா பட்டறைக்கு லீவு போட்டிருந்தார். அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ரோசம்மாவுக்கு அடுத்த ஆளாக நின்று கலவைச் சட்டியை வாங்கி வாங்கிக் கொடுத்தார். பத்து நாள் இப்படியே போனது. பதினோராம் நாள், பத்தாவது படிக்கும் பெண்களின் தாய்மார் ஐந்தாறு பேர் போனார்கள். அவர்கள் வீட்டு ஆண்கள் இரண்டு நாள் பார்த்துவிட்டு மண்வெட்டியோடு பின்னால் போனார்கள்.

புரட்டாசியில் ஒரு பெருமழை பெய்து, கட்டிய கரையில் ஒரு பக்கத்தைக் கரைத்துவிட்டது. அன்று காலை தெருத் தெருவாக ஆட்கள் சாக்கில் மணல் அள்ளிக்கொண்டு ஓடினார்கள். அப்பாவின் சீட்டாட்டக் கூட்டாளிகள்கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கியதை மாடியிலிருந்து பார்த்தேன். கரை நின்றது. அன்றும் நான் போகவில்லை.

தீபாவளிக்கு முன்னால் பஸ் வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கமே டிரைவர் நிறுத்திவிட்டாராம். "இன்னாம்மா, தாங்குமா இது?" என்று கேட்டிருக்கிறார். "நான் முன்னாடி நடக்கறேன், நீ பின்னாடி ஓட்டினு வா" என்று அக்கா நடுப்பாலத்தில் நடக்க, பஸ் மெல்லப் பின்னால் வந்திருக்கிறது. ஹாரன் சத்தம் மட்டும் எங்கள் வீட்டுக்குள் கேட்டது. அப்பா செய்தித்தாளைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வியாழக்கிழமை சந்தை கூடியது. மரநிழலில் அக்கா கடைக்குப் பக்கத்தில் ரோசம்மா கீரைக்கடை. அன்றும் அடுத்த இரண்டு வாரமும் எங்கள் தெருக்காரர்கள் அக்கா கடையில் சாப்பிடவில்லை. ஆறிப்போன இட்லியை அக்கா வீட்டுக்குத் தூக்கி வந்து, மாமாவும் அவருமாக உப்புமாவாகக் கிளறிச் சாப்பிட்டார்கள். ரோசம்மாவே பொறுக்காமல், "நான் பழைய எடத்துக்கே போய்டறேம்மா, உன் பொழப்பு கெடுது" என்றிருக்கிறார். "நீ எழுந்தா நானும் எழுந்துருவேன். அப்புறம் ரெண்டு பேருக்கும் பொழப்பு இல்ல, ஒக்காரு" என்றாராம் அக்கா. நாலாவது வாரம் தலைமை ஆசிரியர் வந்து மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார். கார்த்திகையில் மற்றவர்களும் வந்துவிட்டார்கள். பள்ளியில் ஒன்பதாவதும் பத்தாவதும் மூடப்படாமல் தப்பின.

அப்பா மட்டும் அக்காவோடு பேசவில்லை. தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை என்னிடம் பையை நீட்டி, "மொளக்கீர வாங்கினு வா" என்றார். எந்தக் கடையில் என்று கேட்டேன். "சந்தையில கீரக்கடை ஒண்ணுதான கீது" என்றார். வாங்கி வந்து கடைந்து வைத்தேன். இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அவர் கரண்டியை வைத்துவிட்டு, "நல்லா இருந்துச்சுன்னாரா?" என்று மட்டும் கேட்டார். அப்பா அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் "சொன்னார்" என்றேன். அதற்கடுத்த ஆண்டு, அக்காவோடு பேசாமலே அப்பா காலமாகிவிட்டார். அப்பாவின் நினைவோ என்னவோ, அக்கா அதன்பிறகு எந்த வியாழக்கிழமையும் வீட்டில் கீரை சமைத்து நான் பார்க்கவில்லை.

நான் மணமாகி அம்பத்தூர் போனேன். ஊரைச் சுற்றித் தொழிற்சாலைகள் வந்தன. நிலங்கள் கைமாறின. ஷிப்டு முடித்து வரும் பிள்ளைகளுக்கு அக்கா இரண்டு அறை கட்டி வாடகைக்கு விட்டார். சந்தை இன்றும் கூடுகிறது. தெற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் வந்த தொழிலாளர்கள்தான் இப்போது அதிகம் வாங்குகிறார்கள். அங்கே யாருக்கு எந்த இடம் என்று இன்று ஒருவரும் கேட்பதில்லை.

கடைசி மாதம் நான் அக்காவோடு இருந்தேன். ஒரு மத்தியானம், தலையணையைச் சரி செய்யும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். முப்பது ஆண்டுகளாகக் கேட்காததைக் கேட்டார்.

"அன்னிக்கு ஏன்டி வரல?"

"பயமா இருந்துச்சுக்கா."

"எனக்கும்தான்டி பயம். அதான் உன்ன வந்து கூப்ட்டேன்."

அதுவரை, துணிச்சல்காரி ஒருத்தி பலரில் ஒருத்தியாக என்னைக் கூப்பிட்டதாகவே நினைத்திருந்தேன். அவர் கையை என் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். "விடு, காபி போட்டுனு வா" என்றார். அதற்குப் பதினெட்டாம் நாள் காலமானார்.

படப்பை மருத்துவமனையில் அவரைத் தாய்போல் கவனித்த செவிலியர்களுக்கும், கேட்ட நேரமெல்லாம் ஷேர் ஆட்டோ கொண்டுவந்த தம்பிக்கும், ஷிப்டை மாற்றிக்கொண்டு ரத்தம் கொடுத்த வாடகை அறைப் பிள்ளைகளுக்கும், கடைசிவரை கால் பிடித்துவிட்ட ரோசம்மாவுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. வயதையும் பாராமல் டேவிட் அண்ணன் தம் மகன்களோடு பாடைக்குத் தோள் கொடுத்தார். எதிர்ப்பக்கம் எங்கள் தெருக்காரர்கள் தோள் கொடுத்தார்கள். அந்த ஊர்வலத்தில் நான் அக்காவின் கூடவே நடந்தேன். இம்முறை அவர் கூப்பிடவில்லை.

அவர் கூப்பிட்ட அன்று வந்து நின்ற அத்தனை பேருக்கும், அன்று வராத தங்கையின் வணக்கம்.